பையா, முதுகா? ஆங்கில மயங்கொலிச் சொற்களில் எங்கே பிசகுகிறது

போன மாதம், குடியாத்தத்திலிருந்து வந்துபோகும் நர்சிங் மாணவி ஒருத்தியின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருந்தாள். முதுகுக்கான சொல்லுக்கு 'பேக்'. பைக்கான சொல்லுக்கும் 'பேக்'. மூட்டை கட்டுவது 'பேக்', அடுப்பில் ரொட்டி சுடுவதும் 'பேக்'. நான்கு சொற்களுக்கும் ஒரே எழுத்து. "அப்போ நாலையும் ஒரே மாதிரிதானே மிஸ் சொல்லணும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் சோம்பேறித்தனம் துளியும் இல்லை. தமிழ் எழுத்தில் அந்த நான்கையும் பிரித்து எழுத வழி கிடையாது, தமிழுக்கு அது தேவைப்படவும் இல்லை. நாளைக்கு வார்டில் நோயாளி முதுகைச் சொல்ல, இவள் காதில் பை என்று விழுந்தால் என்ன செய்வாள்? அந்தக் கவலையில்தான், காட்பாடியில் என் வீட்டு மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை இங்கே எழுதுகிறேன். உங்களிடம் எது இருக்கிறதோ அதை மட்டும் படித்தாலும் போதும். இந்த எழுத்துச் சிக்கல் எனக்கும் உண்டு என்பதால், ஆங்கிலச் சொற்களைப் பெரும்பாலும் பொருளைச் சொல்லியே குறிக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வராது என்று நினைக்கிற ஒலிகளில் பல, ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கின்றன. தமிழ்ச் சொல்லின் நடுவில் இருக்கின்றன, அவ்வளவுதான். அங்கிருந்து எடுத்துச் சொல்லின் முதலுக்கோ கடைசிக்கோ கொண்டுவர வேண்டும்.

எதற்கும் முன்பு: பிசகு காதிலா, வாயிலா?

பள்ளியில் மயங்கொலிச் சொற்கள் படித்திருப்பீர்கள்: வலி, வளி, வழி. எங்கள் வடாற்காடு பக்கம் வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகிவிடும். அப்படியே பேசி வளர்ந்த பிள்ளையிடம் 'ழ சொல்லு, ழ சொல்லு' என்று எத்தனை முறை சொன்னாலும், பழமும் பயமும் அதன் காதில் வேறுவேறாக விழாதவரை வாயில் வராது. ஆங்கிலத்திலும் இதே கதைதான்.

சோதனை எளிது. இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: பூங்கா என்ற பார்க், நாய் குரைக்கிற பார்க். அகராதிச் செயலியில் ஒலிபெருக்கிக் குறியைத் தட்டினால் இரண்டும் கேட்கும். தோழி ஒருத்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசை இல்லாமல் மாற்றி மாற்றிப் 10 முறை தட்டட்டும். நீங்கள் திரையைப் பார்க்காமல், பூங்கா என்றால் ஒரு விரல், குரைப்பது என்றால் இரண்டு விரல் காட்டுங்கள். 9 அல்லது 10 சரியென்றால் காது நன்றாக இருக்கிறது, வாய்ப் பயிற்சிக்குப் போகலாம். 5, 6 வந்தால் அது ஊகம். கண்ணை மூடிக்கொண்டு விரல் நீட்டினாலும் பாதி சரியாகத்தான் வரும். அப்படியானால் ஒரு வாரம் வாயைத் திறக்க வேண்டாம். தினம் பத்து நிமிடம் இந்த விரல் விளையாட்டு மட்டும் போதும். காது பிரியாமல் வாயைப் பழக்கினால் தப்பான ஒலிதான் ஆழமாக ஊன்றும்.

அறிகுறி: பூங்கா என்று சொன்னால் குரைப்பது என்று கேட்கிறார்கள், அல்லது தலைகீழாக

'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு ப இருக்கின்றன. இரண்டும் ஒரே ஒலியா? முதல் ப-வில் தொண்டை சும்மா இருக்கும். இரண்டாவதில் தொண்டை அதிரும். தொண்டைக் குழியில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னால் தெரியும். தமிழில் எந்த ப எங்கே வரும் என்பதை இடமே தீர்மானித்துவிடுகிறது: சொல்லின் முதலில் அதிராத ப, ம்-க்குப் பிறகு அதிரும் ப. அதனால்தான் ஓர் எழுத்தே போதுமானதாக இருக்கிறது. ஆங்கிலத்தில் அதிரும் ப சொல்லின் முதலிலும் வந்து நிற்கும். பெட்டி, பேருந்து, பந்து எல்லாம் அப்படித்தான்.

சரி, அதிரும் ப-வை முதலுக்கு எப்படிக் கொண்டுவருவது? 'அம்பு' என்று சொல்லுங்கள். அடுத்து அ-வை விட்டுவிட்டு, உதட்டை மூடி 'ம்ம்' என்று முனகிக்கொண்டே 'ம்ம்பு' என்று திறங்கள். பத்து முறை. பிறகு முனகலை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கடைசியில் மிஞ்சுவதுதான் பெட்டியின் முதல் ஒலி. ககரத்துக்கு 'தங்கம்', ஜகரம் வராதவர்களுக்கு 'மஞ்சள்', டகரத்துக்கு 'வண்டி'. வேலை ஒன்றேதான்.

இதில் பலருக்கும் தெரியாத இன்னொரு பாதி உண்டு. பூங்காவின் ப-வை நாம் தமிழ் ப போலவே சொல்கிறோம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் அழுத்தம் விழும் இடத்தில் சொல்லின் முதலில் வரும் ப, ட, க மூன்றையும் ஒரு மூச்சுக் காற்றோடு வெளியே தள்ளுவார்கள். காற்று இல்லாத நம் ப அவர்கள் காதில் அதிரும் ப-வாகவே விழும். அதாவது நீங்கள் பூங்காவைச் சரியாகச் சொன்னதாக நினைத்திருக்க, அவருக்குக் குரைப்பது கேட்டிருக்கும்.

இதற்கு என் மாணவர்களிடம் நான் கேட்பது ஒரு டவுன் பஸ் டிக்கெட். மெல்லிய தாள். அதை உதட்டுக்கு நாலு விரற்கடை தள்ளி, மேல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு, பூங்கா என்ற சொல்லைச் சொல்லுங்கள். தாளின் கீழ்முனை சட்டென்று எழும்பி ஆட வேண்டும். குரைப்பது என்ற சொல்லுக்கு அசையக் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். முதல் நாள் யாருக்கும் ஆடாது. மூன்றாவது நாள் அந்தத் தாள் முதல்முறை துள்ளும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உங்களோடு தெலுங்கு பேசுகிறவர்கள் யாராவது படித்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். குடியாத்தம், சித்தூர் எல்லைப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. தெலுங்கில் பாட்டுக்கும் பாதைக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பாட'. பாட்டில் அதிராத ப, பாதையில் அதிரும் ப. மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

அறிகுறி: முதல் எழுத்து சரி, கடைசி எழுத்தில் மாட்டிக்கொள்கிறேன்

முதுகும் பையும் இங்கேதான் வரும். பனிக்கட்டி – கண்கள், விலை – பரிசு, அரிசி – எழுவது ஆகிய இரட்டைகளும் இந்த வகைதான்.

தமிழில் க, ச, ட, த, ப, ற என்ற வல்லின மெய்களில் சொல் முடிவதில்லை. அதனால் ஆங்கிலச் சொல் அப்படி முடிந்தால் நம் வாய் தானாக ஓர் உகரத்தைக் கொண்டுவந்து ஒட்டிவிடும்: பஸ்ஸு, பேக்கு, லைட்டு. ஒட்டுவதோடு நிற்பதில்லை, அந்த மெய்யை இரட்டிக்கவும் செய்கிறது. இரட்டித்த வல்லினம் தமிழில் அதிராது. ஆக, பை 'பேக்கு' ஆனவுடன் அதன் அதிர்வு போய் முதுகாகிவிடுகிறது.

கடைசி மெய்யைத் திருத்துவதற்குப் பதிலாக அதற்கு முந்தைய உயிரைத் திருத்துங்கள். ஆங்கிலத்தில் அதிரும் மெய்க்கு முன்னால் வரும் உயிர் நீளும், அதிராத மெய்க்கு முன்னால் குறுகும். முதுகுக்கு ஒரு மாத்திரை என்றால் பைக்கு ஒன்றரை, இரண்டு மாத்திரை கொடுங்கள். பனிக்கட்டியை வெடுக்கென்று முடியுங்கள். கண்களை 'ஆஆய்' என்று இழுத்து முடியுங்கள். விலை குட்டை, பரிசு நீளம். கேட்கிறவர் காது பெரும்பாலும் இந்த நீளத்தை வைத்துத்தான் எந்தச் சொல் என்று முடிவு செய்கிறது. குறில் நெடில் பார்த்துப் பழகிய நமக்கு இது கைவந்த கலை. ஆனால் ஆங்கிலத்திலும் மாத்திரை பார்க்க வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. அந்த மாணவிக்கு நோட்டில் முதுகுக்கு 'பேக்', பைக்கு 'பேஏக்' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் அவள் தோழி இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டாள்.

ஒட்டும் உகரத்தை விலக்க: சொல்லை முடித்ததும் உதடோ நாக்கோ ஒட்டிய இடத்திலேயே ஒரு நொடி நிற்கட்டும். திறக்க வேண்டாம்.

அறிகுறி: காபிக்கும் காப்பிக்கும் வித்தியாசம் இல்லை

ஜெராக்ஸ் கடையில் 'ரெண்டு காப்பி' என்றால் நகல், பக்கத்து டீக்கடையில் 'ரெண்டு காப்பி' என்றால் குடிப்பது. நம் ஊரில் கடையைப் பார்த்தே பொருள் புரிந்துவிடும். இன்டர்வியூவில் எதிரே இருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

குடிக்கிற காப்பியின் நடுவே இருப்பது ஃப. உதடுகள் இரண்டும் ஒட்டினால் அது ப ஆகிவிடும். வழி இதுதான்: 'வ' என்று நீட்டிச் சொல்லுங்கள், மேற்பல் கீழுதட்டைத் தொட்டபடி. அதே நிலையில் குரலை மட்டும் நிறுத்திவிட்டு, ரகசியம் பேசுவது போலக் காற்றை மட்டும் விடுங்கள். வருவதுதான் ஃப. மின்விசிறி – சட்டி, உண்மை என்ற ஃபேக்ட் – கட்டி வைத்த பேக்ட், நிரப்பு – மாத்திரை வில்லை: இந்த மூன்று இரட்டைகளை வைத்துப் பழகுங்கள்.

அறிகுறி: உயிரியல் பூங்காவில் ஜ வந்துவிடுகிறது

இதற்கு நம் வடாற்காடு பக்கம் ஆசிரியர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நாம் 'ரம்ஜான்' என்கிறோம். வீட்டில் உருது பேசும் மேல்விஷாரத்துப் பிள்ளையோ ஆம்பூர்ப் பிள்ளையோ அதே சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் ஜ இருக்காது, ரீங்காரமிடும் ஸ இருக்கும். 'நமாஸ்' என்று நாம் எழுதுவதன் கடைசியிலும் அதே ரீங்காரம்தான். என் வகுப்பில் உருது பேசும் பையன் ஒருவனை இந்தப் பாடத்துக்கு மட்டும் முன்னால் நிறுத்துவேன். ஆங்கிலத்தில் பின்தங்கியவன் என்று தன்னை நினைத்திருந்தவன், அன்றைக்கு எல்லோருக்கும் குருவாக நின்றான்.

தனியாகப் பழக, 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பு போல இழுத்து, நிறுத்தாமல் குரலைச் சேருங்கள். வண்டு பறப்பது போல் ஆகிவிடும். ஜ-வை இப்படி இழுக்க முடியாது. நாக்கு அண்ணத்தில் ஒட்டினால் ஜ ஆகிவிட்டது என்று பொருள். இழுக்க முடிந்தால் சரி.

ஸ, ஷ, ச குழப்பம் நம் பிள்ளைகளிடம் அவ்வளவாக இல்லை. செம்மறியாடு, கசிவது, மலிவு மூன்றையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு நகரலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: தாளைக் குறிக்கும் சொல்லில் ஈகாரத்தைக் குறுக்கிவிடாதீர்கள், கெட்ட வார்த்தையாகிவிடும்.

அறிகுறி: மேற்கும் உள்பனியனும் ஒன்றாகின்றன, சுவரும் 'எல்லாம்' என்பதும் ஒன்றாகின்றன

இவை இரண்டும் ஒரே வீட்டுப் பிரச்சினை. ஆங்கிலத்தில் வ இரண்டு. ஒன்றைப் பல்லும் உதடும் சேர்ந்து செய்யும், மற்றதை உதடு மட்டும் குவிந்து செய்யும். மேற்பல்லும் இதழும் பொருந்த வகரம் பிறக்கும் என்று நன்னூல் சொல்கிறது. ஆனால் 'வேலூர் வேலூர் வேலூர்' என்று கண்டக்டர் கூவும் வேகத்தில் பல் உதட்டைத் தொட்டும் தொடாமலும் போய்விடும். உள்பனியனுக்கும் கால்நடை மருத்துவருக்கும் பல் நன்றாக அழுந்தி, அதிர வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் மேற்பல் தெரியும். மேற்குக்கும் ஈரத்துக்கும் பல் தெரியவே கூடாது. உதடு விசிலடிப்பது போலக் குவிய வேண்டும்.

அந்தக் குவிந்த வ-வை நாம் தினமும் சொல்கிறோம், தெரியாமல். 'ஒன்னு', 'ஒடம்பு' என்று பேச்சில் சொல்லும்போது முன்னால் மெல்லிய 'வொ' கேட்கும். அதேபோல 'எட்டு' பேச்சில் 'யெட்டு'. இந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் நுழைவதால்தான் 'எல்லாம்' சுவராகிறது, காது வருடமாகிறது, கிழக்கு ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் ஆகிறது. நேர்முகத்தில் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும்போது எஸ் என்ற எழுத்தை 'யெஸ்' என்று சொன்னால் 'ஆமாம்' என்று எடுத்துக்கொள்வார்கள்.

திருத்த: உயிரில் தொடங்கும் சொல்லுக்கு முன் மூச்சை ஒரு கணம் தொண்டையில் நிறுத்தி, 'அ' என்று விக்குவது போல் தொடங்குங்கள். இரண்டு நாளில் பழகிவிடும்.

அறிகுறி: நடையும் வேலையும், ஆணும் ஆண்களும்

தமிழில் இல்லாத உயிர்கள் இவை. 'தமிழின் நடுவில் இருந்து எடுங்கள்' என்று இங்கே நான் சொல்ல முடியாது. புதிதாகத்தான் கற்க வேண்டும்.

நடைக்கு வாயை 'ஆ' அளவுக்குத் திறந்து, உதட்டை மட்டும் 'ஓ' போலக் குவியுங்கள். வேலைக்குத் தொடக்கத்தில் உதடு குவிந்து, உடனே தளர்ந்துவிட வேண்டும். 'அது' என்று முடிக்கும்போது கடைசியில் வரும் உதடு குவியாத உகரத்தை நீட்டினால் ஏறத்தாழ அந்த உயிர் வரும். ஆண் ஒருவன், ஆண்கள் பலர்: பலருக்குப் பற்களுக்கு நடுவே ஒரு விரல் போகும் அளவு, ஒருவனுக்கு இரண்டு விரல் அளவு தாடையை இறக்க வேண்டும். விரலை வைத்தே பாருங்கள். மாவு ரொட்டி சுடுவதற்கு 'ஏரி'யின் ஏ போதும், கடைசியில் லேசாக இகரம் பக்கம் சாய்த்துவிடுங்கள்.

அறிகுறி: விளையாட்டு ஆதரவாகிறது

ஸ்போர்ட், சப்போர்ட். மெய் இரண்டு சேர்ந்து தொடங்குவது தமிழ் வாய்க்கு ஆகாது, நடுவில் ஓர் உயிரை நுழைத்துவிடும். ஊதுவது 'கீழே' ஆகும், வண்டி ஓட்டுவது 'பெறுவது' ஆகும், பிரார்த்தித்தது அணிவகுப்பாகும். கைதட்டி எண்ணுங்கள்: ஊதுவதற்கு ஒரு தட்டு, 'கீழே'க்கு இரண்டு. தட்டு கூடினால் எங்கோ உயிர் நுழைந்துவிட்டது.

அறிகுறி: பதினைந்தா, ஐம்பதா?

மருத்துவமனைப் பக்கம் போகிறவர்கள் இதை மட்டுமாவது விடாமல் படிக்க வேண்டும். 13–30, 14–40, 15–50, இப்படி 19–90 வரை. தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அசைகளில் ஒன்று தூக்கலாக நிற்கும். 50-இல் கனம் முதல் அசையில். கடைசி 'டி' குட்டையாக, மெலிந்து முடியும். நாம் அதை 'டீ' என்று நீட்டுவதுதான் ஆபத்து. 15-இல் 'டீன்' நீளமாக, கனமாக நிற்கும். கடைசி ன்-இல் நாக்கு மேலே ஒட்டி முடிய வேண்டும்.

மருந்தளவைச் சொல்லும்போது இதைக்கூட நம்பாதீர்கள். எண்ணைச் சொல்லிவிட்டு, இலக்கம் இலக்கமாகவும் சொல்லுங்கள்: 'பதினைந்து, ஒன்று ஐந்து'. நீங்கள் கேட்கும் பக்கம் இருந்தால், அதேபோலத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி நடந்து பாருங்கள், வங்காளிப் பலகைகளும் இந்திப் பலகைகளும் தெரு முழுக்க. அவர்களும் நம்மைப் போலவே வேறு தாய்மொழியின் ஒலிகளோடுதான் ஆங்கிலம் பேசுகிறார்கள். இரண்டு பக்கமும் சறுக்கக்கூடிய இடத்தில் இலக்கம்தான் காப்பாற்றும்.

அறிகுறி: போனில் பேசினால் சரியாக எழுதுகிறதே, பிறகு ஏன் ஆட்களுக்குப் புரியவில்லை?

வாய்ஸ் டைப்பிங்கை வைத்துப் பழகுகிறவர்கள் இப்படிக் கேட்கிறார்கள். முழு வாக்கியமாகச் சொன்னால், சுற்றியுள்ள சொற்களைப் பார்த்து அது ஊகித்து எழுதிவிடும். 'குழந்தையோடு ... போனேன்' என்றால் அங்கே பூங்காதான் வரும் என்று அதற்குத் தெரியும். உங்கள் பிழையை மூடி மறைத்துவிடுகிறது. ஒற்றைச் சொல்லாகச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் அதிகம் புழங்கும் சொல் பக்கமே சாயும், அதனால் இரட்டையில் அரிதான சொல்லை அது சரியாக எழுதினால்தான் நம்பலாம். எனக்கு இதைவிட நம்பிக்கை, விரல் காட்டும் தோழிமேல்தான். இந்த முறை நீங்கள் சொல்லுங்கள், அவள் விரல் காட்டட்டும்.

அறிகுறி: நேரில் எல்லாம் சரி, அழைப்பில் மட்டும் எஃப், எஸ் குழம்புகிறது

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் இதோடு வந்தார். ஆர்டர் எண்ணில் வரும் எழுத்து ஒவ்வொரு முறையும் மாறிப்போகிறது என்று நொந்துபோய் உட்கார்ந்தார். சோதித்தேன், வாயில் குறையே இல்லை. சாதாரண தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்தும். ஸ-வின் சீறல் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால், வழியிலேயே உதிர்ந்துவிடும். ஆங்கிலேயர்கள் இருவர் பேசிக்கொண்டாலும் இதே நிலைதான்.

இதற்கு வாய்ப் பயிற்சி வேண்டாம். எழுத்தோடு ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லுங்கள்: 'எஃப் ஃபார் ஃபாதர், எஸ் ஃபார் சண்டே'. அவர் தன் கம்பெனிக் குறியீடுகளில் வரும் எழுத்துகளுக்கு எல்லாம் இப்படி ஒரு சீட்டு எழுதி, மானிட்டரின் கீழ் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்.